பம்பை மாற்றச் சொன்னவன்

கிளாசிக் கார் என்று சென்னைக்காரர்கள் சொல்வார்கள். எங்கள் செஞ்சியில் அதற்குப் பேர் பழைய வண்டி. திண்டிவனம் ரோட்டில் இருபத்தாறு வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். டிராக்டர், நெல் ஏற்றும் மினி லாரி, ஷேர் ஆட்டோ, இவைதான் என் பிழைப்பு. பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வண்டிக்கு என்ன என்று கேட்டால் வீடியோவில் பார்த்ததையெல்லாம் ஒப்பிப்பார்கள். கடைசியாக எப்போது ஆயில் மாற்றினீர்கள் என்று கேட்டால் ஆகாயத்தைப் பார்ப்பார்கள். பீமாராவ் அண்ணன் அந்த ரகம் இல்லை. அதனால்தான் அவர் வண்டியை மட்டும் உள்ளே விட்டேன். விடாமல் இருந்திருக்கலாம்.

பெயரைக் கேட்டாலே அவருடைய நைனா யாரை மனதில் வைத்துப் பெயர் சூட்டினார் என்று தெரிந்துவிடும். நைனா அடுத்தவர் நிலத்தில் அறுப்பு அறுத்தவர். மகன் பத்தாவது முடித்து, லைசென்ஸ் எடுத்து, அரசாங்க ஆபீஸ் ஒன்றில் ஜீப் டிரைவர் ஆனார். முப்பத்தொரு வருடம். பதினேழு அதிகாரிகளுக்குக் கதவு திறந்துவிட்டிருக்கிறார், ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை. ரிட்டயர் ஆன அன்று மாலை போட்டு, அதே ஜீப்பில் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். பின்னால் உட்காரச் சொன்னதற்கு, "பழக்கமில்லீங்க" என்று முன்னால் ஏறிக்கொண்டாராம்.

அடுத்த மாதமே பஜாரில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஹரிகிருஷ்ணன் வீட்டு ஷெட்டுக்குப் போனார். பதினொரு வருடமாகக் கோணி போர்த்தி நின்றிருந்த எழுபத்தாறாம் வருட அம்பாசடர் அங்கே இருந்தது. அதை வாங்கி, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"இன்னாண்ணே இது, பேரீச்சம்பழத்துக்குப் போடற சாமானு?" என்றேன்.

"அமிர்தம் பின்னாடி உக்காந்து வரணும், நான் ஓட்டணும். அவ்ளோதான்டா மூர்த்தி. வேற ஒரு ஆசையும் இல்ல."

அமிர்தவல்லி அவர் மனைவி, அங்கன்வாடி டீச்சராக இருந்தவர். எனக்கு அக்கா முறையில்தான் பேச்சு. நாலு மாதம் அண்ணன் தினமும் என் கடைக்கு வந்தார். பிஸ்டன் ரிங் போட்டோம், பிரேக் லைன் மாற்றினோம், ஒயரிங்கைப் புதிதாக இழுத்தோம். என் கையைவிட அவர் கை சுத்தம். ஒரு போல்ட்டைக் கழற்றினால் துடைத்து, எண்ணெய் தொட்டு, காகிதத்தின் மேல் வரிசையாக வைப்பார். வண்டி ஓட ஆரம்பித்ததும் அக்காவைப் பின்சீட்டில் உட்காரவைத்து மேல்மலையனூர் போய்வந்தார்கள். கோயில் வாசல்வரை அண்ணன் போவார், உள்ளே போகமாட்டார். அக்காவின் சாமியை அவர் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. "உன் சாமிக்கு லைசென்சு இருக்குதா, என் வண்டிய காப்பாத்தறதுக்கு?" என்பார். அக்காவும் விடமாட்டார். "உன் லைசென்ச என் சாமிதான் காப்பாத்துது, போவியா" என்பார்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா ஒரு கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு வருவார். இரண்டு ஹெட்லைட்டுக்கு, பானெட்டுக்கு, ஸ்டீயரிங்குக்கு, நாலு சக்கரத்துக்கு என்று சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைப்பார். கடைசியில் பின்னால் போய் பெட்ரோல் மூடியின் நடுவிலும் ஒன்று. அது எதற்கு என்று நான் கேட்டதற்கு, "அதாண்டா அது சாப்பிடற வாயி. வாய வெறுமனே உடலாமா?" என்றார். சிரித்தோம். அண்ணன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

வண்டியில் ஒரு குறை இருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, யாரோ குரல்வளையைப் பிடித்த மாதிரி இரண்டு முறை திணறி நின்றுவிடும். அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். அப்படி இரண்டு தடவை நின்றது. பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து முன்னால் கொடுக்கிற பம்ப் இன்ஜின் பக்கத்திலேயே இருக்கும். வெயில் காலத்தில் சூடாகி, உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் வண்டி இப்படித்தான் நிற்கும். பழைய வண்டி எல்லாவற்றுக்கும் உள்ள வியாதி. நானும் அதையே சொன்னேன்.

"பம்பையே மாத்திடலாமா மூர்த்தி?" என்று அவர் கேட்டார். கேட்டது அவர்.

"வாணாம்ணே. பம்பு நல்லாத்தான் இருக்குது. நின்னா ஈரத்துணி போட்டுட்டு அரை மணி நேரம் பொறுங்க, தானா எடுக்கும்." சொன்னது நான்.

பங்குனி மாதம், ஒரு சனிக்கிழமை. தளவானூரில் இருக்கும் அக்காவின் தம்பி வளவன் வீட்டுக்கு இரண்டு பேரும் போனார்கள். வளவனுக்கு ஆறு வயதில் அம்மா செத்துப்போனாள். அன்றிலிருந்து அவனுக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, படிக்கவைத்து, கணக்கு வாத்தியார் ஆக்கியது அக்காதான். தனக்குப் பிள்ளை இல்லை என்று அக்கா சொல்லி நான் கேட்டதில்லை. வளவன் இருக்கும்போது எதற்குச் சொல்லப்போகிறார்! சாப்பிட்டுவிட்டு எல்லோரும் பனமலைக்குப் போவதாகத் திட்டம். அதனால் காலையில் செஞ்சியிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டார்கள்.

பதினோரு மணிக்கு வளவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நாற்பத்து நாலு வயது. ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்கள். வண்டி ஏதோ ஒரு விபத்துக்குப் போயிருந்தது, வர நேரமாகும் என்றார்கள். வாசலில் கார் நிற்கிறது, முப்பத்தொரு வருடம் ஓட்டியவர் நிற்கிறார். யார்தான் காத்திருப்பார்கள்? பின்சீட்டில் அக்கா உட்கார்ந்து தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள்.

பாதி வழியில், ஏரிக்கரைப் புளியமரங்களைத் தாண்டினதும் வண்டி திணறி நின்றது.

அண்ணன் எனக்குப் போன் செய்தார். அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. "மூர்த்தி, நின்னுடுச்சுடா. வளவன் நெஞ்சு வலின்றான். இன்னா பண்றது சொல்லுடா." நான் ஒரு டிராக்டருக்குக் கிளட்ச் பிளேட் மாற்றிக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சொன்னேன், "பம்பு சூடாயிருக்கும்ணே. ஈரத்துணி போடுங்க. கொஞ்சம் பொறுங்க, எடுத்துக்கும்."

அவர் வேட்டியைக் கிழித்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் நனைத்து, பம்பில் சுற்றினார். பாயிண்ட்டைத் துடைத்தார். கார்புரேட்டரில் ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதினார். வெயிலில், பானெட்டுக்குள் தலையை விட்டபடி, ஒரு டிரைவருக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தார். போகிற வண்டிகளுக்குக் கையும் காட்டினார். ஒரு பைக் நின்றது. பைக்கில் அவனை எப்படி உட்காரவைப்பது? அரை மணி நேரத்துக்கு மேல் ஆனபிறகு வண்டி எடுத்தது. மூன்று கிலோமீட்டர் போய் மறுபடி நின்றது. மறுபடி போன் செய்து வரவழைத்த ஆம்புலன்ஸ் வந்து சேரும்போது வளவன் போய்விட்டான். அக்காவின் மடியிலேயே போனான்.

அந்தப் பதினாறு நாளும் அக்கா வண்டியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "யாரு கண்ணு பட்டுதோ வண்டிமேல" என்று மட்டும் சொன்னார். துக்கம் கழிந்தபின் வெள்ளிக்கிழமைப் பொட்டை முன்னைவிடக் கனமாக வைக்க ஆரம்பித்தார்.

அண்ணன் வண்டியை விற்கவில்லை. விற்றுத் தொலையுங்கள் என்று நான் காலில் விழாத குறை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அன்னிக்கி ஏன் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியணும். என் தப்பா, இல்லியா. அது தெரியாம என்னால சோறு துன்ன முடியல."

அந்த ஒரு வருடத்தை நினைத்தால் எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வருகிறது. இக்னிஷன் காயில் மாற்றினோம், கண்டென்சர் மாற்றினோம். கார்புரேட்டரை மூன்று முறை பிரித்தோம். பம்பைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு புதுசு போல இருந்தது. டேங்கை இறக்கிக் கழுவினோம். ஒவ்வொரு முறையும் ஒரு கேனில் இரண்டு லிட்டர் பெட்ரோல் வாங்கிவந்து, மூடியைத் திறந்து ஊற்றி, ஓட்டிப் பார்ப்போம். ஒவ்வொரு முறையும் வண்டி ராஜா மாதிரி ஓடியது. ஆலம்பூண்டி போய்த் திரும்பும், நிற்காது. அண்ணன் இறங்கி அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். குறை தெரிந்தால் சரி செய்யலாம். நன்றாக ஓடுகிற வண்டியை என்ன செய்வது? மனிதர் இளைத்துக்கொண்டே போனார். சட்டை தொங்க ஆரம்பித்தது.

வருடம் திரும்புவதற்கு நாலு நாள் முன்னால் அவர் சொன்னார், "நாம தப்பா பாத்துக்கினு இருக்கோம்டா. அன்னிக்கி எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே பாக்கணும். அதே சனிக்கெழம, அதே நேரம், அதே பங்க்ல டேங்க ரொப்பிக்கினு, அதே ரோடு."

அப்படியே செய்தோம். தளவானூர் ஓரமாக வளவன் வீட்டுக்குப் போகாமல் ஒரு மணி நேரம் நிறுத்தினோம். பதினோரு மணிக்கு விழுப்புரம் ரோட்டைப் பிடித்தோம். ஏரிக்கரைப் புளியமரங்களைத் தாண்டி அரை கிலோமீட்டர் போவதற்குள் வண்டி திணறி நின்றது.

அவர் வழக்கம்போல முன்னால் போய் பானெட்டைத் தூக்கினார். நான் ஏன் பின்னால் போனேன் என்று தெரியவில்லை. ஒருவேளை அவர் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் போயிருப்பேன். போனவன் பெட்ரோல் மூடியைத் திருகினேன்.

உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. நன்றாக, நீளமாக, இரண்டு நொடி.

"அண்ணே, இப்ப எடுங்க" என்றேன். எடுத்தார். முதல் அடியிலேயே எடுத்தது.

டேங்கிலிருந்து பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். வராவிட்டால், பாட்டிலில் வாயை வைத்து உறிஞ்சினால் பாட்டில் நாக்கைப் பிடித்துக்கொள்ளுமே, அந்தக் கதைதான். பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. அந்தக் காற்று வருவதற்காக மூடியின் நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். டேங்க் நிரம்பியிருந்தால் உள்ளே காற்றுக்கு இடமே இருக்காது, சீக்கிரம் நின்றுவிடும். நாங்கள் இரண்டு லிட்டர் ஊற்றி, ஊற்றும்போதே மூடியைத் திறந்து காற்றை விட்டுவிட்டு, ஒரு வருடம் ஓட்டிப் பார்த்திருக்கிறோம். பிறகு எப்படி நிற்கும்?

மூடியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நடுவில் வட்டமாக, வாரா வாரம் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த சந்தனம் சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. ஒரு கம்பியால் குத்தினேன். மஞ்சளும் சிவப்புமாகத் தூள் விழுந்தது.

அண்ணன் வந்து பக்கத்தில் நின்றார். அவருக்கு நான் எதையும் விளக்கவில்லை. மூடியை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிலோமீட்டர் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். "தொறந்து மூடியிருந்தா போதும், இல்ல?" என்றார்.

"ஆமாண்ணே."

"ஒரே ஒரு தடவ."

அவர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. வண்டிக்கு முன்னாடியே நின்றுகொண்டிருந்தோம் அண்ணே, பின்னாடி போகவே இல்லை என்று நான்தான் அழுதேன்.

பிறகு அவர் சொன்னார், "இது அமிர்தத்துக்குத் தெரியக் கூடாது."

"தெரியாம நடந்ததுண்ணே. சொல்லிடுங்க. அக்கா தாங்குவாங்க."

"தாங்க மாட்டாடா. முப்பது வருசமா அவ சாமிய கிண்டல் பண்ணிக்கினு இருக்கேன். இன்னிக்கிப் போயி, உன் தம்பிய உன் பொட்டுதான் கொன்னுச்சுன்னு சொல்லணுமா? நான் கெலிச்சுட்டேன்னு சொல்லணுமா?"

"அப்ப காரணமே தெரியலன்னு சொல்லிடுங்க."

"ஒரு வருசமா கேக்கறா, இன்னாங்க கண்டுபுடிச்சீங்களான்னு. கண்டுபுடிக்கலன்னா அவளே ரோசன பண்ணிக்கினு இருப்பா. வெள்ளிக்கெழம ஒரு நாளு மூடி கிட்ட நிக்கும்போது வந்துடும் மனசுல." மூடியைத் திருப்பி என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார், "பம்புன்னு சொல்லலாம். நீ மூணு மாசம் முன்னாடியே மாத்தச் சொன்ன, நான்தான் மாத்தாம உட்டுட்டேன்."

"என்மேல போடுங்கண்ணே. பொறுங்கன்னு சொன்னவன் நான்தான?"

"உனக்கு ஒர்க்‌ஷாப் இருக்குது. ரெண்டு பொண்ணுங்க இருக்குது. நாளைக்கி எவன் உன்ன நம்பி வண்டி உடுவான்? என்மேல கோவமா இருந்தா அவ இருந்துடுவா. அவமேலயே கோவம் வந்துதுன்னா இருக்க மாட்டா."

நான் இரண்டாவது முறை கேட்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முறைதான் கேட்டேன்.

கடைக்கு வந்து பம்பைக் கழற்றினோம். அக்கா டிரைவர் பெண்டாட்டி, காட்டாமல் நம்பமாட்டார். நல்ல பம்ப். அதன் ரப்பர் சவ்வை நான்தான் பிளேடால் கிழித்தேன். ஓரத்தைத் தேய்த்து, பழைய கிழிசல் மாதிரி ஆக்கினேன். என் தொழிலில் நான் செய்த நேர்த்தியான வேலை அதுதான் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் மதியம் அவர்கள் வீட்டில், தினத்தாளை விரித்து அதன்மேல் அண்ணன் பம்பை வைத்தார். மனப்பாடம் செய்த மாதிரி ஒரே மூச்சில் சொன்னார். "இதான் அமிர்தம். ரப்பரு கிழிஞ்சிருக்குது. மூர்த்தி மூணு மாசம் முன்னாடியே மாத்துன்னான். நான்தான் அப்பறம் பாத்துக்கலாம்னு உட்டுட்டேன்."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நெசமா மூர்த்தி? சொன்னியா நீ?"

"சொன்னேன்க்கா."

பம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். விரலால் அந்தக் கிழிசலைத் தடவினார். "மாத்தறதுக்கு எத்தினி நேரம் ஆவும்?"

"ஒரு மணி நேரம்க்கா." அது ஒன்றுதான் அன்று நான் சொன்ன உண்மை.

"ஒரு மணி நேரம்" என்று அவரும் சொன்னார். நாலு மணி பஸ்ஸில், இரண்டு புடவையை ஒரு பையில் போட்டுக்கொண்டு, தளவானூருக்குத் தம்பி பெண்டாட்டியிடம் போய்விட்டார். முப்பத்திரண்டு வருடம் வாழ்ந்த வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று அண்ணன் என்னிடம் சொன்னார். அவர் வாசலிலேயே நின்று பார்த்திருக்கிறார்.

வண்டியைப் புதுச்சேரியிலிருந்து ஒருவர் வந்து வாங்கிப் போனார். மூடியின் ஓட்டையை நான் சுத்தம் செய்துதான் கொடுத்தேன். அண்ணன் இப்போது காந்தி பஜாரில் ஒரு மெஸ்ஸில் சாப்பிடுகிறார். காலையில் என் கடைக்கு வந்து ஒரு ஸ்டூலில் உட்காருவார். வேலை எதையும் தொடமாட்டார். யாராவது வண்டி நின்று நின்று போகிறது என்று சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவார். தளவானூருக்கு மூன்று தடவை போனார். மூன்று தடவையும் அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வளவனின் பிள்ளைகள் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள்.

இந்தப் பங்குனியோடு இரண்டு வருடம் ஆகிறது. திதி முடிந்த மறுநாள் அக்கா பஸ் பிடித்து என் கடைக்கு வந்தார். கையில் ஒரு தூக்குச்சட்டி, படையல் சோறு. அண்ணன் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முப்பத்தொரு வருடம் அதிகாரிகளுக்கு எழுந்து நின்ற பழக்கம். அக்கா அவர் இருக்கும் பக்கமே திரும்பவில்லை.

"இந்தா மூர்த்தி. நல்லா இருக்கணும் நீ" என்றார். "எத்தினி பேரு இருந்தாங்க என் தம்பியச் சுத்தி. நீ ஒருத்தன்தான் அவனுக்காவ வாயத் தொறந்து சொன்ன. உன் பேச்ச கேட்டிருந்தா இன்னிக்கி எம்புள்ள இருந்திருப்பான்."

எனக்கு வாய்வரை வந்துவிட்டது. அக்கா, நான் சொல்லவே இல்லை அக்கா, பொறுங்கள் என்றவன் நான்தான் அக்கா. உதடு அசைந்தும் விட்டது.

பின்னாலிருந்து அண்ணன் மெதுவாகச் சொன்னார், "வாங்கிக்கடா."

வாங்கிக்கொண்டேன்.